பெருமாள்ராஜுக்கு மூளை வந்த நாள்

அத்தியாயம் 11

கருத்தையா தாத்தாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முக்கூடலில் ஒரு புளியமரத்தை அண்ணாந்து பார்த்து, அதில் எத்தனை காய் என்று சொன்னவர். ஆட்கள் ஏறி உலுக்கி எண்ணினார்கள். அவர் சொன்னதில் இரண்டு குறைந்தது. கூட்டம் சிரித்தது. தாத்தா அசையவில்லை, மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் மரம் அந்த இரண்டையும் கீழே போட்டது. ஒளித்து வைத்த வெட்கத்தில் அது அப்புறம் மூன்று வருடம் பூக்கவில்லை என்பார்கள். மரம் இன்னும் இருக்கிறது, போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த மூளை யாருக்கு இறங்கியிருக்கிறது என்று பார்க்க அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதல் பிறந்தநாளன்று சொளவு என்கிற முறம் நிறையப் புளியமுத்தைக் கொட்டி, அதன் நடுவில் குழந்தையை உட்கார வைப்பார்கள். எவ்வளவு அள்ளுகிறதோ அவ்வளவு மூளை. மூத்தவர் இசக்கிமுருகனின் மகன் இரண்டு கையாலும் அள்ளினான். இளையவர் பெருமாள்ராஜ் தன் காலத்தில் முத்துக்கு நடுவிலேயே தூங்கிவிட்டார். அவர் மகள் சங்கரி ஒரே ஒரு முத்தை எடுத்தாள். எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டாள். கம்பவுண்டர் வந்து எடுக்க வேண்டியதாயிற்று. அன்றே குடும்பம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அந்தச் சங்கரிதான் இந்த வருடம் பத்தாம் வகுப்பில் கணக்குக்குத் தொண்ணூற்றேழு வாங்கினாள். கேள்வித்தாள் லேசாக வந்திருக்கும் என்றார் பெரியப்பா.

அவளுக்கு முதல் குரூப் வேண்டும். உவரிக்குச் சுற்றுலா போனபோது, அவ்வளவு பெரிய படகு அலையில் ஏன் கவிழவில்லை என்று டீச்சரைக் கேட்டாள். டீச்சர் வரிசையில் நிற்கச் சொன்னார். அன்றிலிருந்து கப்பல் கட்டும் படிப்புத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். அவள் படிக்கும் பள்ளிக்கூடமோ இந்த வருடம் புது வழி கண்டிருந்தது. முதல் குரூப்புக்கு மார்க் பாதி, விரல்ரேகைத் திறன் சோதனை பாதி. அறிக்கை கொடுக்க இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. போன வாரம் இந்த இடத்தில்தான் விட்டோம்.

"ஏட்டி, இன்னொரு தடவ சோப்பு போட்டுக் கழுவு" என்றார் பெருமாள்ராஜ், தச்சநல்லூர் வீட்டின் குழாயடியில் நின்றுகொண்டு.

"நாலு தடவ கழுவியாச்சுப்பா."

"அழுக்கு இருந்தா மெஷினுக்கு மூளை தெரியாதாம்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி தேன்மொழி குரல் கொடுத்தாள். "மூளை கையிலயா இருக்கு? இத்தன வருசமா நான் தலையிலல்லா தேடிக்கிட்டு இருந்தேன்!"

"யாரு தலையில?"

"வேற யாரு தலை? உங்க தலைதான்."

வழக்கமாக இதற்குச் சங்கரிதான் முதலில் சிரிப்பாள். இன்று சிரிக்கவில்லை. அவள் செல்போன் அதிர்ந்தது. 'அத்தை' என்று திரையில் வந்தது. அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைத் தாவணி நுனியில் மறைத்துக்கொண்டாள்.

அத்தை என்றால் பெருமாள்ராஜின் அக்கா சுடலைவடிவு. முக்கூடலில் தனியாக இருக்கிறாள். பீடி சுற்றித் தம்பியை ஆளாக்கியவள், இன்றும் பீடிக் கம்பெனியின் தொழிலாளர் கார்டு வைத்திருக்கிறவள். பங்குனியில் படித்துறையில் வழுக்கி விழுந்து கை சுளுக்கிக்கொண்டது என்று சொன்னதால், லீவு முழுக்கச் சங்கரி அங்கேதான் துணைக்கு இருந்தாள். போன வாரம்கூட அத்தை போனில் ஒரே சந்தோஷம். "ஏ தேனு, ரேஷன் கடை மெஷின்ல எவ்வளவோ வருசத்துக்குப் பொறவு என் விரல்ரேகை விழுந்துட்டு! கண்ணைக் காட்டாமலே அரிசி வாங்கிட்டேன்" என்றாள். தேன்மொழி அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்களும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

*

சோதனை நிலையம் வண்ணார்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரில் பெரிய மூளைப் படம். அதிலிருந்து பத்து வண்ணத்தில் பத்து கம்பிகள் கிளம்பி பத்து விரலுக்கும் போயின. கீழே ஆலோசகர் சாய்ராம், டை கட்டி உட்கார்ந்திருந்தார். ஜூன் மாதத் திருநெல்வேலியில் ஒருவர் டை கட்டியிருந்தால் அவர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும்.

"இது இன்னைக்கு நேத்து வந்த விஷயம் இல்ல சார்" என்றார் சாய்ராம். "நூறு வருஷத்துக்கும் முன்னால சீமையில ஒரு பெரிய மனுஷர் பண்ணின ஆராய்ச்சி. பேர்போன ஜட்ஜு, கணக்கு மேதை இவங்கெல்லாம் யாருக்கு யார் சொந்தம்னு எண்ணிப் பாத்தாரு. புத்தி ரத்தத்துலதான் இறங்குதுன்னு சொல்லிட்டாரு. விரல்ரேகைய ஆராய்ஞ்சதும் அவரேதான்."

"எங்க வீட்ல புளியமுத்து வைப்போம்" என்றார் பெருமாள்ராஜ், பணிவாக.

"அதேதான் சார். இது கம்ப்யூட்டர்ல."

சாய்ராம் சொன்னதில் பொய் கிடையாது. அந்தச் சீமைக் கனவான் படித்தவர்கள் விரலையும் கூலியாட்கள் விரலையும் புத்தி வளராதவர்கள் விரலையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, ரேகையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று தாமே எழுதியும் வைத்தார். அந்தப் பக்கம் மட்டும் கப்பலில் வரும்போது நனைந்திருக்க வேண்டும். திருநெல்வேலிக்கு வந்து சேரவில்லை.

சங்கரி கட்டை விரலைக் கண்ணாடியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. 'மீண்டும் வைக்கவும்' என்றது கம்ப்யூட்டர்.

"துடைச்சிட்டு வைம்மா."

துடைத்து வைத்தாள். மீண்டும் வைக்கச் சொன்னது. தேங்காயெண்ணெய் தொட்டு வைத்துப் பார்த்தார்கள், ஐஸ் தண்ணீரில் முக்கி வைத்துப் பார்த்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் விழுந்தன. இரண்டு கையிலும் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் விழவே இல்லை. திரையில் அந்த இடங்கள் கழுவிய தட்டு மாதிரி வெள்ளையாக இருந்தன.

"கணக்குக்கு எந்த விரலு?" பெருமாள்ராஜ் திரைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்த ஆறுலதான் சார் எல்லாமே." சாய்ராம் பேனாவை மூடினார். "கோடு இல்லைன்னா அந்தத் திறன் பிறவியிலயே இல்லைன்னு அர்த்தம். எதுக்கும் அப்பா அம்மா ரேகையையும் பாத்துருவோம்."

தேன்மொழிக்கு நடுத்தரம் என்று வந்தது. பெருமாள்ராஜ் விரலை வைத்ததும் பத்தும் டக் டக்கென்று விழுந்தன. சாய்ராம் திரையைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"சார் என்ன தொழில் பண்ணுதீங்க?"

"எலக்ட்ரிக்கல் கடை. ஃபேன், சுவிட்சு…"

"தப்பான இடத்துல உக்காந்திருக்கீங்க. கணக்குத் திறன் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு! இந்த நிலையத்துல இதுவரைக்கும் வந்ததே இல்ல."

தேன்மொழிக்கு இருமல் வந்தது. கடையில் இரண்டு பல்பு விற்றாலும் கால்குலேட்டரைத் தட்டாமல் பில் போடாத மனிதர் அவர். அது தொலைந்துவிடக் கூடாதென்று மேஜைக்காலில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்.

ஆனால் பெருமாள்ராஜ் சிரிக்கவில்லை. முத்துக்கு நடுவில் தூங்கியவன் என்று நாற்பத்து நான்கு வருடம் கேட்டவர். அண்ணன் பேசும்போது வாயைத் திறக்காமல் பழகியவர். அவருக்குக் கண் கலங்கியது. "கருத்தையா தாத்தா எங்கிட்டதான் வந்திருக்காரு" என்று மெல்லச் சொன்னார்.

பிறகுதான் மகள் நினைவு வந்தது. "அப்ப எம்பிள்ளைக்கு?"

"உங்ககிட்ட இருந்து இறங்கல சார். சில சமயம் ஒரு தலைமுறை தாண்டிரும். பேரப்பிள்ளைக்குப் பாருங்க." மூன்று பேர் அறிக்கையும் அச்சாகி வந்தன. சங்கரியுடையதில்: 'முதல் குரூப் பரிந்துரைக்கப்படவில்லை.'

*

பெருமாள்ராஜ் அறிக்கைகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டார். மாடிப்படித் திருப்பத்தில் தேன்மொழி மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கட்டை விரலைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். மாங்கொட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தாள். நாலு சோப்புக்கு அடியில் புகையிலைத் தூள் வாசம் அடித்தது.

"ஏட்டி, பீடி சுத்துனியா?"

சங்கரி தலையைக் குனிந்துகொண்டாள்.

தேன்மொழிக்கு அப்போதுதான் ரேஷன் கடை மெஷின் புரிந்தது. காலமெல்லாம் பீடி சுற்றி ரேகை அழிந்த மதினியின் விரலில், சுற்றுவதை நிறுத்தியதும் ரேகை வந்திருக்கிறது. பதினாறு வயது மகள் விரலில் ரேகை போயிருக்கிறது. குடும்பத்துக்குள் ரேகை கைமாறும் என்று சாய்ராம் சொன்னது சரிதான், கீழிருந்து மேலே ஏறும் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"அத்தைக்குச் சுளுக்கு இல்லம்மா. எலும்பு முறிஞ்சிட்டு. மாவுக்கட்டைப் பிரிச்சாச்சு, ஆனா மணிக்கட்டு மடங்க மாட்டேங்கு. கடைக்குப் பீடி போகலைன்னா கார்டை வெட்டிருவாங்களாம். பென்சனுக்கு இன்னும் ஒரு வருசந்தான் இருக்காம். நான்தான் உள்வீட்ல உக்காந்து சுத்திக் கொடுத்தேன். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு அத்தை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன்."

"அடிப்பாவி. இப்ப உன் சீட்டு போவுதே!"

"சொன்னா அத்தை கார்டு போயிருமே."

தேன்மொழி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே பெருமாள்ராஜ் ஸ்கூட்டர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடக் கம்பீரமாக அடித்ததுபோல் இருந்தது.

*

மதியம் கடையில் கால்குலேட்டரைக் காணவில்லை. கயிற்றை அவிழ்த்து டிராயருக்குள் போட்டிருந்தார். முகட்டைப் பார்த்து, உதட்டை அசைத்து, மனக்கணக்காகவே பில் போட்டார். அதை வாங்கிப் பார்த்த கொத்தனார் மணிராஜ் சொன்னார், "அண்ணாச்சி, ரெண்டு டியூப்லைட்டுதான் வாங்கினேன். கடையவே விக்கியளா?"

அவர் போனதும் தேன்மொழி உள்ளே வந்தாள்.

"அந்த ரிப்போட்டைப் பள்ளிக்கூடத்துல கொடுக்காதிய."

"கொடுக்காம? அஞ்சு மணிக்குள்ள கொடுக்கலைன்னா எந்த குரூப்பும் கிடையாதுங்கான்."

"அது பொய்யி."

"மெஷின் பொய் சொல்லுமா? எனக்குச் சரியாத்தானே சொல்லிச்சு?"

தேன்மொழி டியூப்லைட் பில்லைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, மாடிப்படியில் கேட்டதையெல்லாம் சொன்னாள்.

பெருமாள்ராஜ் அலமாரிப் பக்கம் திரும்பினார். சுவிட்சு டப்பாக்களை அடுக்கினார், கலைத்தார், திரும்ப அடுக்கினார். தன் வீட்டில் இனி ஒரு பெண்ணும் பீடி சுற்றக் கூடாது என்று கடை திறந்த அன்று அக்கா முன்னால்தான் சொல்லியிருந்தார்.

"அக்கா எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா வீட்டைப் பூட்டி இங்கன கூட்டிட்டு வந்துருவிய. கார்டும் போயிரும். அதுக்குத்தான் பயந்திருக்காக."

"இப்ப என்ன செய்ய? பீடின்னு சொன்னா அக்காவுக்கு ஆபத்து. சொல்லலைன்னா பிள்ளைக்கு."

"மெஷின் தப்புன்னு சொல்லுங்க."

"தப்புன்னு எப்படிச் சொல்ல முடியும்?" குரல் உயர்ந்து, உடனே தாழ்ந்தது. "அப்ப எனக்கு வந்ததும் தப்புன்னுல்லா ஆயிரும்."

ஃபேன் ஒன்று சோதனைக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூளை வந்து அரைநாள்கூட ஆகவில்லை. சுவர்க் கடிகாரம் நாலரையைக் காட்டியது.

*

பள்ளித் தாளாளர் விஸ்வேஸ்வரன் அறையில் மூன்று படங்கள் வரிசையாகத் தொங்கின. அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா, மூன்று பேரும் கணக்கு வாத்தியார்கள். அவரும் அப்படித்தான். படங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தது.

"இந்த ரிப்போட்டு தப்பு சார்" என்றார் பெருமாள்ராஜ். சங்கரியும் தேன்மொழியும் வெளியே வராந்தா பெஞ்சில் இருந்தார்கள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. புத்தி வம்சத்துல வரணும். எங்க வீட்டையே பாருங்களேன்."

"எம்பிள்ள ரிப்போட்டைச் சொல்லல. என்னோடதைப் பாருங்க."

விஸ்வேஸ்வரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். புருவம் ஏறியது. "தொண்ணூத்தெட்டா? பேஷ்!"

"எனக்குக் கணக்கு வராது சார்." அதைச் சொல்லும்போது அவருக்கு வியர்த்தது. "கேட்டுப் பாருங்க."

"பதினேழு எட்டு?"

"நூத்தி முப்பத்தாறு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சரி!" என்றார் தாளாளர்.

பெருமாள்ராஜ் அவசரமாகக் கையை ஆட்டினார். வாழ்நாளில் ஒருமுறை கணக்கு சரியாக வந்தது, அதுவும் இந்த நேரத்தில் வந்தது. "அது கணக்கு இல்ல சார், எட்டு சுவிட்சு வெலை. வேற கேளுங்க, வேற கேளுங்க."

"இருபத்து மூணு ஏழு?"

பெருமாள்ராஜ் முகட்டைப் பார்த்தார். விரலை மடக்கினார். பொய்யாகத் தோற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "நூத்தி… நாப்பத்தொம்பது?"

"எழுபத்தஞ்சுல பாதி?"

"முப்பத்தஞ்சரை."

வாசலில் நின்ற குமாஸ்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். விஸ்வேஸ்வரன் மேலும் இரண்டு கேட்டார். அவற்றின் விடையை இங்கே எழுதாமல் விடுவதுதான் மரியாதை.

"பாத்தியளா சார்? இந்த மெஷின் என்னைய மேதைன்னு சொல்லுது. அதே மெஷின்தான் எம்பிள்ளைய ஒண்ணுமில்லைன்னும் சொல்லுது."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பார்வை படங்களின் மேல் போய், அந்த ஆணியில் நின்றது. அதில் மாட்ட வேண்டிய படத்துக்குரிய மகன் சென்னையில் கேக் கடை வைத்திருக்கிறான் என்று ஊருக்கே தெரியும்.

"ரிப்போர்ட் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா அந்தப் பொண்ணுக்கு விரல்ல ரேகையே ஏன் விழல?"

பெருமாள்ராஜ் வாயைத் திறந்தார். அக்கா முகம் வந்தது. மூடிக்கொண்டார்.

"சரி. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க. நானே உக்காந்து கணக்கு எழுத வைக்கறேன். ரேகை வேண்டாம், பேனா கொண்டுவரட்டும். அதுக்கு மேல ஒரு நாள்கூட சீட்டைப் பிடிச்சு வைக்க முடியாது."

வராந்தாவுக்கு வந்த பெருமாள்ராஜ் முகத்தைப் பார்த்தே தேன்மொழி எழுந்துவிட்டாள். "என்ன ஆச்சு?"

"எனக்கு மூளை இல்லைன்னு முடிவாயிட்டு" என்றார் அவர். நாற்பத்து நான்கு வருடச் சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது. "நாளைக்குப் பரீட்சை. என்னட்டி, எழுதிருவியா?"

சங்கரி முகம் அன்று முதல் தடவையாக விரிந்தது. "எழுதிருவேன்ப்பா!" அவர் தன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. அக்கா. அழுகிறாள் என்பது ஸ்பீக்கர் போடாமலே மூன்று பேருக்கும் கேட்டது.

"தம்பி… பீடிக்கடையில இன்னைக்குப் புதுசா விரல் மெஷின் கொண்டுவந்தானுவ. கார்டு வச்சிருக்கவ எல்லாரும் விரல் வைக்கணும்னான். முக்கூடல்ல ஒருத்தி விரலும் விழலய்யா. என் விரலு மட்டும் விழுந்துட்டு!"

"விழுந்தா நல்லதுதானக்கா?"

"எங்க நல்லது? பீடி சுத்துதவ கையில இவ்வளவு அழகா ரேகை எப்படி வரும்னு ஏஜெண்டு கேக்கான். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எல்லார் முன்னாலயும் ஒரு கட்டு சுத்திக் காட்டணுமாம். இல்லைன்னா இத்தன நாளா சுத்துனது யாருன்னு அவளைக் கூட்டிட்டு வரணுமாம். என் கை மடங்க மாட்டேங்குதே தம்பி."

பெருமாள்ராஜ் போனைக் காதிலிருந்து எடுத்தார். பத்து மணி ஒன்று, போக வேண்டிய இடம் இரண்டு. இந்தக் கணக்கு மட்டும் அவருக்குச் சட்டென்று விளங்கியது.

சங்கரி கையிலிருந்த பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை அப்பாவின் சட்டைப்பையிலேயே திரும்பக் குத்திவிட்டு, "முக்கூடலுக்கு முதல் பஸ் எப்பம்மா?" என்று கேட்டாள்.